சப்பாத்துக்கு வரி கூடாது என்ற கல்தச்சர்



ஒரு சோடிச் சப்பாத்து ஓர் அரசாங்கத்தைக் கவிழ்க்குமா? கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் 1982-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் இரவு, அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் அதுதான் நடந்தது. அரசாங்கம் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தை ஆதரித்து 81 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்து 82 பேர் வாக்களித்தார்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஏழு மாத அரசாங்கம் விழுந்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் கல்தச்சர். சுத்தியலும் உளியும் பிடித்துப் பிழைத்தவர். எந்தக் கட்சியிலும் சேராமல் சுயேச்சையாக வந்தவர். ஜிம் கெம்மி என்பது அவர் பெயர். பிள்ளைகள் போடும் சப்பாத்துக்கும் உடுப்புக்கும் வரி போடுகிற திட்டத்துக்குக் கை தூக்க மாட்டேன் என்று அவர் நின்றார். அந்த மனிதரின் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஷானன் என்று ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. அந்த ஆறு கடலோடு கலக்கப் போகும் இடத்தில் இருக்கிற பழைய நகரம் லிமரிக். ஐந்து வரிகளில் வேடிக்கையாகப் பாடும் ஆங்கிலப் பாட்டு வகைக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊரில் வேடிக்கைக்கு அதிக இடம் இருந்ததில்லை. பன்றி இறைச்சி பதப்படுத்தும் ஆலைகள், மாவு ஆலைகள், துணி தைக்கும் ஆலைகள், துறைமுகம் ஆகியவற்றை நம்பி வாழ்ந்த தொழிலாளர் நகரம் அது. நெருக்கமான சந்துகள், ஈரச் சுவர்கள், ஓர் அறையில் ஒரு குடும்பம். ஐரிஷ் மக்கள் 1922-இல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றுத் தனி அரசு அமைத்துக்கொண்டார்கள். அதன் பிறகும் லிமரிக் சந்துகளின் வறுமை சீக்கிரம் தீர்ந்துவிடவில்லை.

அந்த ஊரில் 1936-இல் கெம்மி பிறந்தார். தந்தையும் கல்தச்சர்தான். வீட்டில் மூத்த பிள்ளை கெம்மி. பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையின் தொழிலுக்கே பயிற்சிக்குப் போனார். தந்தையைக் காசநோய் கொண்டுபோய்விட்டது. அந்தக் காலத்து அயர்லாந்தில் காசநோய் என்றால் வீட்டுக்கு வீடு அச்சம். நோய் இருப்பதை வெளியே சொல்லக்கூடக் கூசுவார்கள். தந்தை போனபின் குடும்பப் பாரம் மூத்த மகன் தலையில் இறங்கியது. இதை நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தந்தை படுத்துவிட்டால் மூத்த பிள்ளை பள்ளிப் பையை வைத்துவிட்டு வேலைக்கு இறங்குவது நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள் கண்ட காட்சி!

தொழில் கற்று முடித்ததும் 1957-இல் இங்கிலாந்துக்குப் போனார். அந்தக் காலத்தில் ஐரிஷ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் கட்டட வேலை. பகலில் கல், இரவில் புத்தகம். பள்ளிக்கூடம் கொடுக்காத படிப்பை அவர் அங்கேதான் தாமாகத் தேடிக்கொண்டார். 1960-இல் ஊருக்குத் திரும்பியபோது கையில் பணம் அதிகம் இல்லை, தலையில் கேள்விகள் நிறைய இருந்தன. கொத்தனார்களும் கல்தச்சர்களும் சேர்ந்திருந்த தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளர் ஆனார். தொழிற்கட்சியிலும் சேர்ந்தார்.

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கெம்மிக்குத் தம் ஊர் வரலாற்றின் மேல் அளவில்லாத ஆசை. அரசர்களின் வரலாறு அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தொழிலாளர்கள் என்ன செய்தார்கள், யார் அவர்களை மறைத்தார்கள் என்று தேடினார். அப்படித் தேடி எழுதியவற்றில் ஒன்றுதான் 1919-ஆம் ஆண்டு லிமரிக் வேலைநிறுத்தம்.

அப்போது பிரிட்டிஷ் ஆட்சி. ராபர்ட் பர்ன் என்ற தபால்துறைத் தொழிலாளி, சுதந்திரப் போராட்டக்காரர், சிறைவாசத்தில் உண்ணாவிரதம் இருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கிருந்து அவரைத் தோழர்கள் மீட்க முயன்றபோது ஒரு போலீஸ்காரரும் பர்னும் உயிரிழந்தார்கள். பர்னின் இறுதி ஊர்வலத்தில் ஊரே திரண்டது. உடனே இராணுவம் நகரத்தைத் தனிக் காவல் பகுதியாக அறிவித்தது. ஆற்றுப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகவும் வீட்டுக்கு வரவும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. சொந்த ஊரில் நடமாட அந்நியச் சிப்பாயிடம் சீட்டுக் காட்ட வேண்டுமா என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் மாதத்தின் நடுவில் நகரம் முழுவதும் வேலையை நிறுத்தியது.

வேலையை நிறுத்துவது சுலபம். ஊருக்குச் சோறு போடுவது? தொழிற்சங்கப் பேரவை ஒரு குழுவை அமைத்தது. ஜான் குரோனின் என்ற தச்சர் அதற்குத் தலைவர். எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கலாம், ரொட்டி என்ன விலை, பால் என்ன விலை, உருளைக்கிழங்கு எங்கிருந்து வரும் என்று எல்லாவற்றையும் அந்தக் குழு தீர்மானித்தது. பக்கத்துக் கிராமத்து விவசாயிகள் உணவுப் பொருள் அனுப்பினார்கள். பணம் தீர்ந்துபோகும் நிலை வந்தபோது தொழிலாளர்கள் தாமே நோட்டு அச்சடித்தார்கள். ஒரு ஷில்லிங், ஐந்து ஷில்லிங், பத்து ஷில்லிங். கடைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள்! அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறக்கப் போகும் ஒரு விமானத்தைப் பார்ப்பதற்காக வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அந்த நேரத்தில் தற்செயலாக அந்த ஊரில் இருந்தார்கள். அதனால் செய்தி உலகமெல்லாம் பரவியது. இரண்டு வாரத்துக்குள் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. வெளியிலிருந்து எதிர்பார்த்த ஆதரவு வரவில்லை. உள்ளூரில் ஆயரும் நகரத் தந்தையும் நிறுத்தச் சொன்னார்கள். ஆனால் மேலும் சில நாட்களில் இராணுவமும் அனுமதிச் சீட்டு உத்தரவை எடுத்துவிட்டது.

இந்த வரலாறு லிமரிக்கில் பல காலம் பேசப்படாமல் கிடந்தது. கெம்மி 1972-இல் ஒரு சிறு மாத ஏட்டைத் தொடங்கி அதில் இதை எழுதினார். ஏட்டின் பெயர் 'லிமரிக் சோஷலிஸ்ட்'.

ஊர்ப் பெருமையை மட்டும் எழுதியிருந்தால் எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். அவர் ஊர் வெட்கத்தையும் எழுதினார். 1904-இல் லிமரிக்கில் வாழ்ந்த சிறு யூதக் குடும்பங்களுக்கு எதிராக ஒரு பாதிரியார் ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். அதன்பின் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்ற புறக்கணிப்பு இரண்டு ஆண்டு நீடித்தது. பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. 1970-இல், லிமரிக்கின் நகரத் தந்தையாகவும் தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த ஸ்டீபன் காக்லன் அந்தப் புறக்கணிப்பை நியாயப்படுத்திப் பேசினார். கெம்மியும் அதே கட்சிக்காரர்தான். ஆனாலும் காக்லனை எதிர்த்தார். உள்ளூரில் கட்சி போகும் போக்குப் பிடிக்காமல் 1972-இல் கட்சியைவிட்டே வெளியேறினார்.

கட்சியில்லாத மனிதர் என்ன செய்ய முடியும்? 1974-இல் லிமரிக் நகரமன்றத் தேர்தலில் நின்று வென்றார். அன்றிலிருந்து சாகும்வரை அவர் நகரமன்ற உறுப்பினர்.

நகரமன்ற உறுப்பினர் வேலை என்றால் பெரிய மேடைப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்துக் கிடக்கிறோம் என்று வருகிறவர்களின் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடக்கிற வேலை அது. அயர்லாந்தில் நாடாளுமன்ற உறுப்பினரே இப்படி நடந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை வாக்கு விழாது. அந்தக் காலத்தில் ஒருவரே நகரமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஒரே நேரத்தில் உறுப்பினராக இருக்கலாம். 2003-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த இரட்டைப் பதவியை ஒழித்தது. இப்படி இருந்ததால் தெருவிளக்கைப் பற்றிக் கேட்ட வாய் நாட்டின் கடனைப் பற்றியும் கேட்டது. இது நல்லதா கெட்டதா என்று அங்கே நெடுநாள் வாதம் நடந்தது. கெம்மியைப் பொறுத்தவரை அது நல்லதாகவே அமைந்தது என்பது என் எண்ணம்.

1975-இல் லிமரிக்கில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையம் தொடங்க அவர் துணை நின்றார். அயர்லாந்தில் கருத்தடைப் பொருள்களை விற்பதற்கு 1935 முதல் சட்டத் தடை இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் சொல் வீட்டுக்குள்ளும் நாட்டுக்குள்ளும் ஆட்சி செய்த காலம். பிரசங்க மேடைகளிலிருந்து கண்டனம் எழுந்தது. வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெற்று உடம்பு தேய்ந்துபோன தாய்மார்களைச் சந்துகளில் பார்த்து வளர்ந்தவர் அவர். கண்டனத்துக்காக நின்றுவிடவில்லை.

1977-இல் ஊருக்குப் பேரிடி ஒன்று விழுந்தது. ஃபெரெங்கா என்ற டச்சு நிறுவனத்தின் தொழிற்சாலை மூடப்பட்டது. ஏறத்தாழ 1,400 பேருக்கு வேலை போயிற்று. அந்தத் தொழிற்சாலை என்ன செய்தது தெரியுமா? வாகன டயர்களுக்கு உள்ளே வைக்கும் எஃகு இழை. பால்மரத்தின் பால் டயராகும்போது அதற்குள் முதுகெலும்பாகப் போவது அதுதான். ரப்பர் விலை இறங்கினால் இங்கே நம் வயிற்றில் அடிப்பதுபோல, டயர்ச் சந்தை தளர்ந்தபோது அங்கே லிமரிக்கின் வயிற்றிலும் அடித்தது.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து 1981 ஜூன் மாதம் கெம்மி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சுயேச்சை எப்படி வென்றார் என்பதற்கு அயர்லாந்தின் தேர்தல் முறையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் அல்லர். கெம்மியின் கிழக்கு லிமரிக் தொகுதிக்கு ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் புள்ளடி போடுவதில்லை. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் எழுதுகிறார். முதலாமவர் தேவைக்கு மேல் வாக்குப் பெற்றுவிட்டாலோ, கடைசியில் நின்று விலக்கப்பட்டாலோ, அந்த வாக்கு வீணாகாமல் இரண்டாமவருக்குப் போகிறது. அதனால் பெரிய கட்சிகளுக்கு இடையிலும் ஒரு தனி மனிதர் நுழைய வழி கிடைக்கிறது.

அந்தத் தேர்தலில் மொத்தம் 166 இடங்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டு தலைமையிலான ஃபினா கேல் கட்சியும் தொழிற்கட்சியும் சேர்ந்தால் 80. எதிர்ப்பக்கம் சார்ல்ஸ் ஹாகியின் ஃபியன்னா ஃபால் கட்சிக்கு 78. ஃபிட்ஸ்ஜெரால்டு படித்தவர், பொருளாதாரப் பேராசிரியர், நேர்மையானவர் என்று பெயர் பெற்றவர். வட அயர்லாந்துச் சச்சரவில் துப்பாக்கிக்கு இடம் கொடாமல் சமாதானம் தேட வேண்டும் என்பதிலும் கெம்மிக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. கெம்மியின் வாக்கும் சேர, 81-க்கு 78 என்று ஃபிட்ஸ்ஜெரால்டு பிரதமரானார். கெம்மி அமைச்சர் பதவி எதுவும் பெறவில்லை.

அரசாங்கக் கருவூலத்தில் பெரிய ஓட்டை. முந்தைய ஆண்டுகளில் வாங்கிய கடன் மலையாகக் குவிந்திருந்தது. ஓட்டையை அடைக்க வேண்டும் என்பதில் அரசாங்கம் சொன்னது பொய்யில்லை. இதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எதைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் தகராறு.

1982 ஜனவரி 27-ஆம் நாள் நிதியமைச்சர் ஜான் புரூட்டன் வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார். பாலுக்கும் வெண்ணெய்க்கும் அரசு கொடுத்துவந்த விலைச் சலுகை குறைக்கப்படும். பீருக்கும் சிகரெட்டுக்கும் பெட்ரோலுக்கும் வரி ஏறும். அதுவரை விற்பனை வரியே இல்லாதிருந்த உடுப்புக்கும் சப்பாத்துக்கும் இனி வரி உண்டு. பிள்ளைகளின் உடுப்பையும் சப்பாத்தையுமாவது விட்டுவிடலாமே என்று கேட்டார்கள். அதற்கு அரசாங்கத் தரப்பில் ஒரு விளக்கம் வந்தது. சிறிய பாதமுள்ள பெண்கள் பிள்ளைகளின் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு வரியிலிருந்து தப்பித்துவிடுவார்களாம்! ஃபிட்ஸ்ஜெரால்டின் பெயரோடு அந்த நாட்டில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் வாதம் இது. கணக்குப் புத்தகத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். நாலு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கிப் பார்த்த தாய் அதைக் கேட்டால் சிரிப்பாளா, அழுவாளா?

அன்று மாலையிலேயே வாக்கெடுப்பு. வாக்கெடுப்புத் தொடங்கிய பிறகும் பிரதமர் தம் இருக்கையை விட்டு எழுந்து கெம்மியிடம் போய் மன்றாடினார். நாட்டின் பிரதமர் ஒரு கல்தச்சரிடம் வாக்குக் கேட்டு நின்ற அந்தக் காட்சியை அங்கிருந்தவர்கள் மறக்கவில்லை. கெம்மி அசையவில்லை. வேறு சில சிறு கட்சி உறுப்பினரும் சுயேச்சையும்கூட அரசாங்கத்தைக் கைவிட்டார்கள். 82-க்கு 81.

அவர் செய்தது சரிதானா? இன்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நல்ல அரசாங்கத்தைச் சப்பாத்துக்காகக் கவிழ்த்து, தாமே விரும்பாத ஹாகியைப் பதவிக்குக் கொண்டுவந்தார் என்பது ஒரு கட்சி. பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு ஹாகி பிரதமரானது உண்மைதான். கடன் தொல்லை தீராமல் மேலும் பல ஆண்டுகள் நாட்டை வாட்டியதும் உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாகியின் அரசாங்கம் கொண்டுவந்த புதிய வரவு செலவுத் திட்டத்தில் உடுப்பு வரியும் சப்பாத்து வரியும் இல்லை. கெம்மியும் அந்தப் பிப்ரவரித் தேர்தலில் மறுபடியும் வென்றார். லிமரிக் மக்கள் தங்கள் பதிலைச் சொல்லிவிட்டார்கள்.

அதே மக்கள் ஒன்பது மாதத்தில் வேறு பதில் சொன்னார்கள். 1982 நவம்பரில் மீண்டும் தேர்தல் வந்தது. கருக்கலைப்புக்கு எதிரான தடையை அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்ற இயக்கம் அப்போது நாடெங்கும் சூடு பிடித்திருந்தது. பெரிய கட்சிகளின் தலைவர்கள்கூட அதற்கு இசைவு தெரிவித்தார்கள். கெம்மி வெளிப்படையாக எதிர்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் இடம் பிழைத்திருக்கக்கூடும். அவர் மூடவில்லை. அவருக்கு எதிராகக் கடுமையான பிரசாரம் நடந்தது. தோற்றார். மறு ஆண்டு நடந்த பொது வாக்கெடுப்பில் அந்தத் திருத்தம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேறியது. 2018-இல் இன்னொரு பொது வாக்கெடுப்பு நடந்து, ஏறக்குறைய அதே அளவு ஆதரவோடு அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது. இந்த விஷயத்தில் நேயர்களின் கருத்து எதுவாக இருந்தாலும், தோல்வி வரும் என்று தெரிந்தே ஒரு வேட்பாளர் பேசியதை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

தோற்றவர் வீட்டில் உட்காரவில்லை. நகரமன்ற இடம் இருந்தது. 1982-இல் தொடங்கிய ஜனநாயக சோஷலிஸ்ட் கட்சி என்ற சிறு கட்சி இருந்தது. 1979 முதல் நடத்திவந்த பழைய லிமரிக் வரலாற்று ஏடு இருந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1987-இல், மக்கள் அவரைத் திரும்பவும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1990-இல் அவருடைய கட்சி தொழிற்கட்சியோடு இணைந்தது. பதினெட்டு ஆண்டுக்கு முன் எந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தாரோ, அதே கதவு வழியாக உள்ளே போனார். பிறகு அந்தக் கட்சியின் தலைமைக் குழுத் தலைவராகவும் இருந்தார். 1991-இலும் 1995-இலும் லிமரிக்கின் நகரத் தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது நகரத் தந்தையை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள், ஓராண்டுப் பதவி. மக்களே நேராக வாக்களித்து நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை 2024-இல் வந்தது. அயர்லாந்திலேயே முதலில் வந்த ஊர் லிமரிக்தான்.

1997 ஜூன் தேர்தலிலும் கெம்மி வென்றார். ஆனால் உடம்பைப் புற்றுநோய் பிடித்திருந்தது. செப்டம்பர் 25-ஆம் நாள் காலமானார். அறுபத்தொரு வயது. மறு ஆண்டு இடைத் தேர்தலில் அந்த இடத்துக்கு ஜேன் ஓ'சலிவன் என்ற பெண்மணி வந்தார். கெம்மியின் சிறு கட்சியில் அவரோடு உழைத்தவர். பின்னாளில் அயர்லாந்தின் கல்வி அமைச்சரானார்.

லிமரிக் நகர அருங்காட்சியகத்துக்குக் கெம்மியின் பெயரை வைத்தார்கள். அது பொருத்தம்தான், ஊர் வரலாற்றைத் தோண்டியவர் அல்லவா. இன்னொன்றுதான் வேடிக்கை. லிமரிக் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரிக்கும் அவர் பெயரே. முதலாளிகளோடு ஆயுள் முழுவதும் வாதாடிய சோஷலிஸ்டு, பதினைந்து வயதோடு பள்ளியை விட்டவர், இன்று இலாப நட்டக் கணக்குப் படிக்கிற மாணவர்களின் கல்லூரிக்குப் பெயராக இருக்கிறார்.

அந்தச் சப்பாத்து வரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1982 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு மறுபடியும் பிரதமரானார். 1984-இல் அவருடைய அரசாங்கம் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் விற்பனை வரியைக் கொண்டே வந்துவிட்டது. ஆனால் இந்த முறை பெரியவர்கள் போடுவதற்கு மட்டும். பிள்ளைகளுடையதை விட்டுவிட்டார்கள். சிறிய பாதமுள்ள பெண்களைப் பற்றிய கவலைக்கும் ஒரு வழி கண்டார்கள். யார் வாங்குகிறார் என்று பார்ப்பதில்லை, சப்பாத்தின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட சப்பாத்துக்கு அயர்லாந்தில் இன்றும் விற்பனை வரி இல்லை.